அஃப்லடொக்சின்: பூஞ்சண நச்சா, பூஞ்சண நஞ்சா?

2021 சித்திரைப் புத்தாண்டு நெருங்கிய நேரம். வீட்டில் பலகாரம் சுடத் தொடங்கியிருந்தோம், தேங்காய் எண்ணெய் முடிந்துவிட்டது என்று வெள்ளவத்தையில் வழக்கமாக வாங்கும் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணர் போத்தலை எடுத்து மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுக்கவில்லை. "அக்கா, எண்ணெயில ஏதோ மருந்து கலந்து போட்டாங்களாம், பேரும் வாயில வருதில்லை" என்றார். பின்னால் நின்ற ஒரு அம்மா "அஃப்லா... அஃப்லா..." என்று இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு, "சரி, விஷம்தானே" என்று முடித்துக்கொண்டார்.

அந்த வாரம் கொழும்பில் மூன்று மொழியிலும் ஓடிய சொல் அதுதான். இறக்குமதியான சுத்திகரிக்காத தேங்காய் எண்ணெயில் சில சரக்குகளில் அஃப்லடொக்சின் இருப்பதாகப் பரிசோதனை சொன்னது, அவற்றைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். செய்தி அவ்வளவுதான். ஆனால் அது கடைக்கு வந்து சேரும்போது "மருந்து கலந்துட்டாங்க" ஆகிவிட்டது. நம் பேச்சில் மருந்து என்றால் பயிருக்கு அடிப்பதும் மருந்துதான், அதனால் கேட்டவர்களுக்கு யாரோ ஒருவன் டின்னைத் திறந்து எதையோ ஊற்றுவதுபோல ஒரு படம் மனதில் விழுந்துவிட்டது. நான் ஆய்வுகூட அறிக்கைகளையும் உணவுப் பொதி விவரங்களையும் தமிழாக்கி வயிறு வளர்க்கிறவள். இந்தச் சொல்லை அதற்கு முன்பு எத்தனையோ தரம் ஒலிபெயர்த்து வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருக்கிறேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் உறைத்தது.

சரி, சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். அ + ஃப்லா + டொக்சின். முதல் 'அ' அஸ்பெர்ஜிலஸ் என்ற பூஞ்சணப் பேரினத்தின் தலையெழுத்து. 'ஃப்லா' அதன் ஓர் இனமான ஃப்லாவஸ். 'டொக்சின்' நஞ்சு. மூன்று துண்டை ஒட்டிச் செய்த பெயர், 1960களின் தொடக்கத்தில் ஆய்வுகூடத்தில் பிறந்தது, பழைய சொல் ஒன்றும் இல்லை. ஆனால் துண்டுகள் மூன்றும் பழையவை.

அஸ்பெர்ஜிலஸ் என்ற பெயரை 1729இல் வைத்தவர் இத்தாலியப் பாதிரியாரும் தாவரவியலாளருமான மிக்கேலி. நுணுக்குக்காட்டியில் பார்த்தால் ஒரு காம்பு, அதன் நுனியில் உருண்டைத் தலை, தலையைச் சுற்றிலும் வித்திகள் சரம் சரமாகச் சிதறி நிற்கும். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குருவானவர் சனங்கள்மேல் தீர்த்தம் தெளிப்பாரே, கைபிடியும் உருண்டைத் தலையுமாக ஒரு கருவி, அதன் லத்தீன் பெயர் அஸ்பெர்ஜிலம். பாதிரியார் அல்லவா, அவர் கண்ணுக்கு அதுதான் தெரிந்திருக்கிறது. 'தெளித்தல்' என்ற லத்தீன் வினையில் பிறந்த சொல். ஃப்லாவஸ் என்றால் லத்தீனில் மஞ்சள், இந்தப் பூஞ்சணம் மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் படரும். டொக்சின் கிரேக்கத்திலிருந்து வந்தது: 'தொக்சொன்' என்றால் வில். வில்லுக்கு உரியது, அதாவது அம்பு முனையில் பூசுவது, அப்படியே தேய்ந்து நஞ்சுக்கே பெயராகிவிட்டது. ஆக, தீர்த்தம் தெளிப்பானும் மஞ்சளும் அம்பு நஞ்சும் சேர்ந்துதான் நம் எண்ணெய்ப் போத்தலுக்குள் வந்து நிற்கின்றன.

பெயர் வைக்கவேண்டி வந்த கதை வான்கோழிக் கதை. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்தன. காரணம் பிடிபடாததால் 'வான்கோழி எக்ஸ் நோய்' என்றார்கள். கிருமியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. கடைசியில் எல்லாப் பண்ணைக்கும் பொதுவாக இருந்தது பிரேசிலிலிருந்து வந்த கச்சான் பிண்ணாக்கு என்று கண்டுபிடித்தார்கள். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: கச்சான் என்றால் வேர்க்கடலை. எங்களுக்கு அது மேல்காற்றின் பெயரும்கூட.) பிண்ணாக்கில் யாரும் எதையும் கலக்கவில்லை, பூஞ்சணம் பிடித்திருந்தது. பூஞ்சணம் விட்டுப்போன பொருளைப் பிரித்தெடுத்துப் புறஊதா ஒளியில் பிடித்தபோது அது ஒளிர்ந்தது. நீலமாக ஒளிர்ந்ததற்கு பி, பச்சையாக ஒளிர்ந்ததற்கு ஜி. இரண்டும் அந்த நிறங்களின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்து. அறிக்கைகளில் பி1, பி2, ஜி1, ஜி2 என்று வருவது இதுதான், வைட்டமினோடு குழப்பிக்கொள்ளவேண்டாம். எம்1 என்பது பால்: மாடு பி1 உள்ள தீவனத்தைத் தின்றால் அதன் ஈரல் அதை மாற்றிப் பாலில் விடும். இவற்றில் மோசமானது பி1, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் வகுப்புப் பட்டியலில் இருக்கிறது. முக்கியமாக ஈரலைத்தான் பிடிக்கும். ஈரலிப்பில் பிறந்து ஈரலைப் பிடிக்கிறது என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொள்வதுண்டு, சிலேடைதான்.

அந்த ஈரலிப்புத்தான் விஷயமே. தேங்காயை உடைத்த உடனே பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். கொப்பரையாகச் சேமிக்க அதை 6 சதவீதம் அளவுக்கு இறக்கவேண்டும். (கொப்பரையை நாம் ஒலிபெயர்க்கத் தேவையில்லை, ஆங்கிலத்தில் 'கொப்ரா' என்று எழுதுவது மலையாளத்துக் கொப்பரை போர்த்துக்கேயர் வழியாக அங்கே போனது, இந்த ஒரு சொல்லில் நாம் கடன் கொடுத்தவர்கள்.) பாதியிலிருந்து ஆறுக்கு இறங்கும் வழியில் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதில்தான் எல்லாம் தங்கியிருக்கிறது. நல்ல வெயிலென்றாலும் சில நாள். நடுவில் ஒரு மழை, இரவில் மூடாமல் விட்ட பனி, அவ்வளவு போதும், பூஞ்சணம் முந்திக்கொள்ளும். அதற்குப் பிடித்த சூடு 25 முதல் 30 பாகைக்குள், கொழும்பு வருடம் முழுக்க இருக்கிற சூடு. அப்போ நெருப்பில் காயவைத்தால் என்ன? வைக்கிறார்கள், தேங்காய் உடைத்த சிரட்டையே விறகு, செலவில்லை. ஆனால் புகை நேராகப் பருப்பில் படும்போது பென்சோபைரீன் வகைப் பொருட்கள் ஏறும், அதுவும் புற்றுநோய்ச் சங்கதிதான். அதனால் பொறியியல்காரர்கள் தலையை உடைத்துக்கொள்வது இந்த இடத்தில்: புகை படாமல், சூடான காற்று மட்டும் பருப்பைச் சுற்றிப்போகும்படி சூளையை எப்படிக் கட்டுவது, சூரிய உலர்த்தியில் மழை நாளை எப்படிச் சமாளிப்பது, சிரட்டையின் வெப்பத்தை வீணாக்காமல் எப்படிப் பிடிப்பது. உணவுப் பாதுகாப்பு என்று பெயர், பாதி வேலை அடுப்பு வேலை.

"வறுத்தால் போய்விடும்" என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பொரிக்கிற எண்ணெய் 180 பாகை அளவில் நிற்கும், இந்த நஞ்சு சிதைய 230க்கும் மேலே போகவேண்டும். வறுத்தால் கொஞ்சம் குறையும், போய்விடாது. பூஞ்சணம் சாகும், அது விட்ட நஞ்சு இருக்கும். எண்ணெயைக் காரம் சேர்த்து, வெளிற்றும் மண்ணில் வடித்துச் சுத்திகரிக்கும்போதுதான் பெரும்பகுதி நீங்குகிறது. சுத்திகரிக்காத எண்ணெய் என்று செய்தியில் வந்ததைக் கவனிக்கவேண்டியது இதனால்தான்.

இப்போ தமிழ்ப் பாதி. பூஞ்சணம் என்ற சொல் நம்மிடம் பழையது, பூசணம் என்றும் சொல்வோம். பாண் பூஞ்சணம் பிடித்தது, ஊறுகாய் பூத்துவிட்டது. பள்ளியில் நமக்குப் படிப்பித்தது 'பங்கசு', அது ஒலிபெயர்ப்பு. தமிழ்நாட்டில் 'பூஞ்சை' என்று எழுதுகிறார்கள். காளானும் பங்கசுதான், ஈஸ்ட்டும் பங்கசுதான் என்பதால் அந்தப் பெரிய வகுப்பு முழுவதற்கும் பங்கசு இருக்கட்டும், எனக்குச் சண்டையில்லை. பாணிலும் கொப்பரையிலும் படர்கிற இந்தப் பஞ்சுமாதிரிச் சாமானுக்குப் பூஞ்சணத்தை விட்டால் வேறு நல்ல சொல் கிடையாது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சொல், மணம்கூட மூக்கில் வந்துவிடும்.

அடுத்த துண்டில்தான் எனக்கும் சக மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கும் முட்டிக்கொண்டது. அவர் 'பூஞ்சண நச்சு' என்றார், நான் 'பூஞ்சண நஞ்சு' என்றேன். இணையத்தில் தேடினால் அவர் பக்கம்தான் கூட்டம். ஆனால் நஞ்சு என்பதுதான் பெயர்ச்சொல், இன்னொரு பெயருக்கு முன்னால் வந்து ஒட்டும்போதுதான் அது நச்சு ஆகும்: நச்சுப் பாம்பு, நச்சுப் புகை, நச்சுக் கணை. கரும்பு கருப்பஞ்சாறு ஆவதுபோல, இரும்பு இருப்புப் பாதை ஆவதுபோல. வள்ளுவரிடம் இரண்டும் இருக்கிறது. 580ஆம் குறளில் 'நஞ்சுண்டு அமைவர்' என்று தனியே நிற்கிறது, 1008ஆம் குறளில் 'நச்சு மரம்' என்று ஒட்டி நிற்கிறது. அதே 1008 'நச்சப் படாதவன்' என்றுதான் தொடங்கும், அங்கே நச்சுதல் என்றால் விரும்புதல்! நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பது அந்த நச்சு. ஆக, நச்சைத் தனியே கடைசியில் நிறுத்தினால் அது பாதியில் நிற்கிற சொல், பின்னால் ஏதோ வரவேண்டும்போலக் காத்திருக்கும். ஹார்ட்வெயார் கடைக்குப் போய் பழைய இரும்பு வேண்டும் என்பதற்குப் பதிலாகப் 'பழைய இருப்பு' வேண்டும் என்று கேட்டால் அவர் ஸ்டொக் புத்தகத்தை எடுத்துத்தான் நீட்டுவார். நண்பர் சிரித்தார், ஆனால் இன்னும் நச்சு என்றுதான் எழுதுகிறார். எழுதட்டும்.

பூஞ்சண நஞ்சு என்பது பூஞ்சணங்கள் விடுகிற எல்லா நஞ்சுக்கும் பொதுப்பெயர் என்பதையும் சொல்லவேண்டும். தானியத்தில் வேறு பூஞ்சணம் வேறு நஞ்சு விடும். அஃப்லடொக்சின் அந்தக் குடும்பத்தில் ஒரு பிள்ளை. சிலர் 'மஞ்சட்பூஞ்சண நஞ்சு' என்று அச்சொட்டாகப் பெயர்க்கலாமே என்பார்கள். செய்யலாம், ஆனால் கறிமஞ்சளில் பூஞ்சணம் பிடித்ததாக்கும் என்று யாராவது நினைப்பார்கள். பென்சிலினைப் பென்சிலின் என்றே சொல்கிறோம். பெயரைப் பெயராக விட்டு, அது என்ன சாதி என்பதை மட்டும் தமிழில் பக்கத்தில் வைத்தால் போதும் என்பது என் கணக்கு: 'அஃப்லடொக்சின் எனும் பூஞ்சண நஞ்சு'.

இதில் பெயரைவிட முக்கியமானது வினை. 'கலந்த', 'கலப்படம்' என்று எழுதக்கூடாது. கலப்படம் மனிதன் வேண்டுமென்று செய்வது, மிளகாய்த்தூளில் செங்கல்தூள் போடுவது. இது ஈரத்தில் தானாக ஊறுவது. கலப்படம் என்று எழுதினால் வாசிக்கிறவர் கள்ளனைத் தேடுவார், தன் வீட்டுச் சாக்கு தரையில் ஈரலித்துக் கிடப்பதைப் பார்க்கமாட்டார். அதற்காக வியாபாரிக்குப் பொறுப்பில்லை என்று அர்த்தமில்லை, காயவைக்காமல் விற்றவனும் குற்றவாளிதான், ஆனால் அது வேறு குற்றம், அதற்குத் தீர்வும் வேறு. 'மாசு' என்று எழுதிப் பார்த்தேன், அது காற்றுக்கும் ஆற்றுக்கும் பழகிப்போய்விட்டது. 'நஞ்சேறிய' என்பது இப்போதைக்குக் கைகொடுக்கிறது. நஞ்சேறிய கொப்பரை, நஞ்சேறிய கச்சான்.

அளவைப் பற்றியும் ஒரு சொல். ஐரோப்பிய ஒன்றியம் செத்தல் மிளகாய்க்கு மொத்தம் 10 மைக்ரோகிராம்தான் ஒரு கிலோவில் விடும், பி1 மட்டும் என்றால் 5. பத்துத் தொன் ஏற்றிய லொறி ஒன்றில் எல்லாம் சேர்த்து ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு. இதைப் பிடிக்கிற கருவி கொழும்பில் உண்டு. ஆனால் கருவிக்கு முன்னாலேயே தொல்லை தொடங்கிவிடும்: நஞ்சு எல்லா இடத்திலும் சமமாக இருக்காது. சாக்கில் ஆயிரம் கச்சான் சுத்தமாக இருக்கும், ஒரே ஒரு கொட்டை முழுச் சாக்கையும் கெடுக்கும் அளவுக்கு வைத்திருக்கும். பரிசோதனைக்கு அள்ளுகிற மாதிரிக்குள் அந்தக் கொட்டை வந்தால் தோல்வி, வராவிட்டால் வெற்றி. அதனால்தான் பல இடத்தில் அள்ளி, ஒன்றாகக் குவித்து, அரைத்து, கூறுபோட்டு, மறுபடி கூறுபோட்டு எடுக்கிறார்கள். ஒரே சரக்குக்கு இரண்டு அறிக்கை இரண்டு விதமாக வந்தால் உடனே லஞ்சம் என்று முடிவுகட்டவேண்டாம், கொட்டை வேலையாகவும் இருக்கலாம்.

எழுத்துக்கூட்டல்: தமிழ்நாட்டில் 'அஃப்ளாடாக்சின்', இங்கே 'அஃப்லடொக்சின்'. டாக்டருக்கும் டொக்டருக்கும் உள்ள அதே பழைய வழக்கு. ஒரு பொதியில் இரண்டும் வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

பிறகு ஒருநாள் அதே கடையில் செத்தல் மிளகாய் வாங்கும்போது அண்ணருக்கு இதை விளக்கினேன், என் புதுச் சொல்லையும் சொன்னேன். அவர் சாக்கிலிருந்து ஒரு மிளகாயை எடுத்துக் காம்போடு உடைத்து, உள்ளே விதையைச் சுற்றி நூல்மாதிரி வெள்ளையாக ஏதும் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு இன்னொன்று. "இதைத்தானே சொல்றீங்க? நாங்க பூத்தது எண்டுவம். பூத்தது எண்டு சொன்னா மொத்த வியாபாரி திருப்பி எடுப்பான். பூஞ்சண நஞ்சு எண்டு சொன்னா போனை வச்சிடுவான்."