புதியது என்பதாலேயே காப்புரிமை கிடைத்துவிடாது

நொய்டாவில் மென்பொருள் நிறுவனம் நடத்தும் மதுரைக்காரர் ஒருவர், காப்புரிமை நிராகரிப்பு ஆணையுடன் சென்ற வாரம் தில்லியில் உள்ள என் அலுவலகத்துக்கு வந்தார். “சார், இதை எங்களுக்கு முன்னால் யாருமே செய்யவில்லை, பிறகு எப்படி வெளிப்படையானது என்கிறார்கள்?” என்று கேட்டார். வெளிப்படையானது என்றால் இங்கே, துறை தெரிந்தவருக்கு எளிதாகத் தோன்றக்கூடியது என்று பொருள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால்தான் எழுதுகிறேன்.

இணையம் அறுந்தாலும் கடைக்காரர் கைபேசியில் பில் போடலாம், இணைப்பு வந்ததும் கணக்கு சர்வருக்குப் போய்விடும் என்பது அவருடைய செயலி. தரவைக் கைபேசியிலேயே சேமிப்பதை டி1 என்ற முந்தைய ஆவணமும், சேமித்ததை வரிசை எண்படி அனுப்புவதை டி2வும் சொல்கின்றன. இரண்டையும் ஒரே ஆவணம் சொல்லாததால் செயலி புதியதுதான்; அதை ஆணையும் மறுக்கவில்லை. ஆனால் புதுமை வேறு, புத்தாக்கப் படி வேறு. முன்னுரிமைத் தேதியன்று, அதாவது பொதுவாக முதல் விண்ணப்பம் தாக்கலான நாளன்று, அத்துறையில் சாதாரணத் தேர்ச்சியுள்ள ஒருவர், டி1ஐயும் டி2வையும் கையில் வைத்துக்கொண்டு இயல்பாக இங்கே வந்து சேர்ந்திருப்பாரா என்பதே மேல்முறையீட்டிலும் கேள்வி. காப்புரிமைச் சட்டத்தின் 2(1)(ஜேஏ) பிரிவில் ‘பொருளாதார முக்கியத்துவம்’ என்ற சொல் இருப்பதால் விற்பனைக் கணக்கைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவருகிறார்கள். அதே பிரிவு, கண்டுபிடிப்பு துறை வல்லுநருக்கு வெளிப்படையாக இருக்கக் கூடாது என்றும் சேர்த்தே கேட்கிறது. தயவுசெய்து பிரிவை முழுதாகப் படியுங்கள்.

ஆணைகளிலும் குறை உண்டு. விடையைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்த்தால் எதுவும் எளிதாகவே தெரியும். முந்தைய நுட்பம், விண்ணப்பத்தின் கண்டுபிடிப்பு, ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வெளிப்படை என்ற காரணம் ஆகிய மூன்றையும் ஆணை விவாதிக்க வேண்டும் என்று அக்ரிபோர்டு வழக்கில் 2022இல் தில்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆணையில் முதலில் அந்தக் காரணத்தைத் தேடுங்கள். கணினி நிரலுக்கு அதனளவில் காப்புரிமை இல்லை என்னும் 3(கே) பிரிவின் ஆட்சேபணை தனி. அதை இதோடு குழப்ப வேண்டாம்.

அவருடைய ஆணையில் காரணம் இருந்தது. விண்ணப்பத்தில் கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பைப் புரட்டியபோது, இணைப்பில்லாத இரண்டு கைபேசிகள் கடைசி ஒரு பொருளையே விற்றுவிட்டால் எந்த பில்லை ஏற்பது என்பதற்கு அவர் கண்ட முறை ஒரு பத்தியில் கிடந்தது. உண்மையான சரக்கு அதுதான். எதற்குப் பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லும் உரிமைக்கோரலிலோ அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அளக்கப்படுவது உரிமைக்கோரலின் வாசகம். திருத்தங்களுக்கு 59ஆம் பிரிவு வைக்கும் வரம்புக்குள் அந்த முறையைச் சேர்த்து உரிமைக்கோரலைக் குறுக்க நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கப்போகிறோம். ஆட்சேபணைக்குப் பதில் எழுதிய அன்றே அதைச் செய்திருக்கலாம். மேல்முறையீட்டுக்கு 117ஏ பிரிவு தரும் 3 மாதத்தில் மீதமிருப்பது 11 நாள்.