எரர் குறைவாக இருந்தால் நல்ல ஃபீல்டரா?

இந்த வாரமும் ஒரு மின்னஞ்சல் வந்தது. அமெரிக்கப் பள்ளி பேஸ்பால் அணியில் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்கும் ஃபீல்டர்) ஆடும் பையனின் அப்பா, கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு அனுப்ப ஒரு பக்க விவரம் தயாரித்திருக்கிறார். உச்சியில் கொட்டை எழுத்தில் ஃபீல்டிங் சதவீதம். பிரமாதமான எண்தான். கூட வந்த வீடியோவைப் பார்த்தேன். பையனுக்கு இடப்பக்கம் இரண்டு எட்டு தள்ளி ஒரு தரைப்பந்து வருகிறது. அவன் கால் நகரவே இல்லை. க்ளவ்வை லேசாக நீட்டிவிட்டு நின்றுகொண்டான். பந்து பின்னால் இருக்கும் அவுட்ஃபீல்டுக்குப் போயிற்று. ஸ்கோர் புத்தகத்தில் அது அடித்தவர் சம்பாதித்த ஹிட், ஃபீல்டரின் பிழை என்று எழுதப்படும் எரர் அல்ல. அவன் கணக்கில் எதுவுமே ஏறவில்லை.

கேட்டுப் பார்த்தால் வீட்டிலேயே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்: "எட்டாத பந்துக்குப் பாயாதே, தட்டுப்பட்டு நழுவினால் எரர் போட்டுவிடுவார்கள்." பேஸ்பால் தரவு பார்ப்பதே என் பிழைப்பு. இதே பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. தயவுசெய்து நிறுத்துங்கள்.

ஃபீல்டிங் சதவீதம் என்பது என்ன? புட்அவுட் (தானே அவுட்டாக்கியது), அசிஸ்ட் (எறிந்து கொடுத்து இன்னொருவர் அவுட்டாக்க உதவியது) இரண்டையும் கூட்டி, அதை அந்த இரண்டோடு எரரும் சேர்ந்த மொத்தத்தால் வகுப்பது. அவ்வளவுதான். போய்ச் சேராத பந்து மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. கிரிக்கெட்டில் கைக்கு வந்து நழுவிய கேட்ச்சை மட்டும் எண்ணிவிட்டு, ஓடாமல் விட்ட பவுண்டரிகளை மறந்துவிட்டால் எப்படியோ, அப்படித்தான் இதுவும்.

கணக்காகவே போடுவோம். ஒரே மாதிரியான 110 தரைப்பந்துகள் இரண்டு ஷார்ட்ஸ்டாப்களை நோக்கி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலாமவர் 100 பந்துக்குப் போய்ச் சேருகிறார், 5 எரர். சதவீதம் .950. இரண்டாமவர் 85 பந்துக்குத்தான் போகிறார், ஒரே ஒரு எரர். சதவீதம் .988. உங்கள் கண்ணுக்கு இரண்டாமவர் தங்கம். ஆனால் முதலாமவர் கொடுத்தது 95 அவுட், இரண்டாமவர் 84. பதினொரு அவுட் வித்தியாசம். சிங்கிளாக (அடித்தவர் முதல் பேஸை எட்டும் ஹிட்) வேண்டிய பந்தை அவுட்டாக்கினால் ஏறத்தாழ முக்கால் ரன் மிச்சம். ஆக எட்டு ரன். அமெரிக்காவின் உச்சத் தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் கணக்கில், ஒரு சீசனில் மிச்சமாகும் பத்து ரன் கிட்டத்தட்ட ஒரு வெற்றிக்குச் சமம். எரர் அதிகம் செய்தவர்தான் அந்த எட்டு ரன்னை மிச்சம் பிடித்தவர்!

இன்னொன்று. எரரா, ஹிட்டா என்பது ஸ்கோரரின் தீர்ப்பு. சாதாரண முயற்சியில் எடுத்திருக்கலாமா என்பதுதான் விதி கேட்கும் கேள்வி. பள்ளி ஆட்டங்களில் ஸ்கோர் எழுதுவது பெரும்பாலும் யாரோ ஒரு பெற்றோரோ உதவிப் பயிற்சியாளரோதான். அந்த ஒருவரின் தீர்ப்பை நம்பியா பிள்ளையின் திறமையை மூன்று தசமத்தில் அச்சடிக்கிறீர்கள்?

பெரியவர்களுக்கே இந்த மயக்கம் இருந்திருக்கிறது. 2010இல் நியூயார்க் யாங்கீஸ் ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டர் 6 எரர்தான் செய்தார். சதவீதம் .989. சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் க்ளவ் விருதும் கிடைத்தது. அதே ஆண்டு, எவ்வளவு தூரம் போய்ப் பந்தை எடுக்கிறார் என்று பார்த்த யு.இசட்.ஆர்., டி.ஆர்.எஸ். அளவீடுகள் (சராசரி ஃபீல்டரைவிட எத்தனை ரன் மிச்சம் பிடித்தார் என்று சொல்பவை; கிரிக்கெட்டின் டி.ஆர்.எஸ். வேறு) அவரைச் சராசரிக்குக் கீழேதான் வைத்தன. மட்டையில் அவர் மாமேதை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. நான் சொல்வது பந்தைத் தேடிப் போன தூரத்தை. 2013 முதல் கோல்ட் க்ளவ் தேர்வில் புள்ளிவிவரக் குறியீட்டுக்கும் ஏறத்தாழ கால்பங்கு இடம் தந்திருக்கிறார்கள்.

ஃபீல்டிங்கின் விலை தெரிய வேண்டுமானால் டம்பா பே அணியைப் பாருங்கள். 2007இல் களத்துக்குள் அடிபட்ட பந்துகளை அவுட்டாக்குவதில் மேஜர் லீக்கிலேயே கடைசி. கொடுத்த ரன் 944. மறு ஆண்டு ஷார்ட்ஸ்டாப்புக்கு ஜேசன் பார்ட்லெட் வந்தார், மூன்றாம் பேஸில் நின்ற அகினோரி இவாமுரா இரண்டாம் பேஸுக்கு மாறினார், மூன்றாம் பேஸில் இவான் லாங்கோரியா. கொடுத்த ரன் 671 ஆகக் குறைந்தது. பந்துவீச்சும் தேறியது, மறுக்கவில்லை. ஆனால் அவுட்டாக்குவதில் கடைசியில் இருந்த அணி முதலிடத்துக்குப் போனதை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லவே முடியாது. 66 வெற்றி 97 ஆனது, மேஜர் லீக் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடர் வரை போனார்கள்.

இப்போது மேஜர் லீக் மைதானங்களில் பந்தின், ஆட்டக்காரர்களின் அசைவை அளக்கும் ஸ்டாட்காஸ்ட் வந்துவிட்டது. அவுட்ஃபீல்டர் எவ்வளவு தூரம் ஓட வேண்டும், எவ்வளவு நேரம் இருக்கிறது, எந்தத் திசை என்று பார்த்து அந்தக் கேட்ச்சுக்கான வாய்ப்பைக் கணக்கிடுகிறது. 25 சதவீத வாய்ப்புள்ள பந்தைப் பிடித்தால் 0.75 வரவு, விட்டால் 0.25தான் செலவு. கடினமான பந்துக்குப் பாய்ந்து தோற்றவருக்குத் தண்டனை சின்னது, வெற்றிக்குப் பரிசு பெரியது. உங்கள் வீட்டு விதி இதற்கு நேர் எதிர்.

இதைப் படித்துவிட்டு, பள்ளிப் பையனுக்கும் ஒரு டி.ஆர்.எஸ். போட்டுக்கொடுங்கள் என்று தயவுசெய்து எழுதாதீர்கள். 162 ஆட்டம் ஆடுபவர்களுக்கே ஒரு சீசன் எண்ணை முழுசாக நம்ப மாட்டோம், மூன்று ஆண்டுத் தரவு கேட்போம். பள்ளி சீசனில் ஒரு ஷார்ட்ஸ்டாப்புக்கு வரும் பந்துகள் எத்தனை? அதில் சிரமமானவை எத்தனை?

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். ஒரு நோட்டில் உங்கள் பிள்ளை பக்கம் வந்த எல்லாப் பந்தையும் குறியுங்கள், தொடாமல் போனதையும் சேர்த்து. எங்கே நின்றான், எந்தப் பக்கம் போயிற்று, அவுட்டா இல்லையா என்று எழுதினால் போதும். வலப்பக்கப் பந்துகளே தொடர்ந்து தப்புகின்றன என்றால் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். நிற்கும் இடத்தை மாற்றினாலே பாதி சரியாகலாம். கேலரியிலிருந்து "ஏன்டா விட்டே" என்று கத்தாதீர்கள். பாய்ந்து விழுந்து நழுவவிட்ட நாளில் காரில் வைத்துத் திட்டாதீர்கள். அடுத்த ஆட்டத்தில் அவன் பாயவே மாட்டான், அதைத் திரும்பக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். எரர் எதில் வந்தது என்று மட்டும் பாருங்கள். கைக்கு நேராக வந்ததும் அவசர எறிதலும்தான் என்றால் பயிற்சியில் சரிசெய்ய வேண்டியவை.

கல்லூரிப் பயிற்சியாளர்கள் 60 கெஜ ஓட்டத்தையும் எறியும் வேகத்தையும் தாங்களே அளந்துகொள்வார்கள். அந்தச் சதவீதத்தை விவரத்தாளிலிருந்து எடுத்துவிட்டு வெட்டாத வீடியோ அனுப்புங்கள். பந்து மட்டையில் படுவதற்கு முன்பிருந்தே உங்கள் பிள்ளை படத்துக்குள் இருக்க வேண்டும், முழங்காலும் பாதமும் தெரிய வேண்டும். முதல் எட்டு எந்த நொடியில், எந்தப் பக்கம் எடுத்து வைக்கிறான் என்பதைத்தான் அவர்கள் முதலில் தேடுவார்கள். தப்பிய பந்துகளையும் அதில் விட்டுவையுங்கள்.