‘கேஸ்தான் டாக்டர்’

“கேஸ் பிடிச்சிருக்கு டாக்டர், ஒரு மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்க” என்று உட்காருவதற்கு முன்பே சொல்கிறவர்கள் அடிக்கடி வருவார்கள். கேஸ் என்பது அவர் கவனித்தது இல்லை, அவராக எடுத்த முடிவு. துருவித் துருவிக் கேட்டால்தான், மாடிப்படி ஏறும்போது நெஞ்சு நடுவில் அழுத்துகிறது, நின்றுவிட்டால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது, மூன்று வாரமாக இப்படித்தான் என்பதெல்லாம் வெளியே வரும். இதைக் கேட்டதும் நான் யோசிப்பது இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பற்றி. ஆனால் ‘கேஸ்’ என்ற சொல் முதலில் வந்து உட்கார்ந்துவிட்டால், அவசரத்தில் இருக்கும் டாக்டருக்கும் மனசு அந்தப் பக்கமே சாயும்.

நோயாளிகளை மட்டும் குறை சொல்லக் கூடாது, நாங்களும் இதே ரகம்தான். பயிற்சி டாக்டராக இருந்தபோது ஒரு வயதானவரின் சிகிச்சைக் குறிப்பில் மூச்சு எண்ணிக்கை 20 என்று எழுதினேன். எண்ணவில்லை, மேலே இருந்த வரிசையில் எல்லாமே 20, ஆளும் அமைதியாகப் படுத்திருந்தார், அவ்வளவுதான். சீனியர் ஒன்றும் திட்டவில்லை, கையில் வாட்சைக் கொடுத்து, ஒரு நிமிடம் முழுக்க அவர் வயிறு ஏறி இறங்குவதை எண்ணச் சொன்னார். 34. பெரியவர்களுக்கு 12 முதல் 20 வரைதான் இயல்பு. நுரையீரலில் நிமோனியா ஏறிக்கொண்டிருந்தது, நான் கட்டில் பக்கத்திலேயே நின்று 20 என்று எழுதிக்கொண்டிருந்தேன்!

2013-இல் வெளியான ஓர் ஆய்வில், நுரையீரல் சிடி ஸ்கேன் படங்களுக்குள் ஒரு கொரில்லா படத்தை ஒட்டிவைத்து, கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி 24 கதிரியக்க நிபுணர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் தேடிய கட்டியைவிட 48 மடங்கு பெரிய கொரில்லா. 20 பேருக்குத் தெரியவே இல்லை, அதிலும் பாதிக்கு மேற்பட்டவர்களின் பார்வை சரியாக அந்த இடத்திலேயே விழுந்திருந்தது.

இதற்கு நேர் எதிராக ஒருவர் உண்டு, தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் லியோ ஷாம்ரோத். இதயத்தில் தொற்று வந்து படுத்திருந்தபோது, தன் விரல்களையே கவனித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையின் ஒரே விரலை மடக்கி, நகத்தோடு நகம் சேர்த்து வைத்தால் நகத்தின் அடியில் வைரம் போல ஒரு சின்ன இடைவெளி தெரியும் (இப்போதே வைத்துப் பார்ப்பீர்கள், தெரியும்). நோயின்போது அவருக்கு அது மூடிப்போனது. 1976-இல் எழுதிவைத்தார், நுரையீரல், இதய நோய்களில் வரும் விரல் நுனி வீக்கத்தைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் அதைத்தான் பார்க்கிறோம். செலவே இல்லாத சோதனை.

சரி, வீட்டில் என்ன செய்யலாம்? குழந்தைக்குச் சளி, இருமல் என்றால், அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40, இதைத் தொட்டாலோ தாண்டினாலோ காத்திருக்க வேண்டாம். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும், மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழிந்தால் அப்படியே தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

அப்புறம் வலிப்பு. பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு ஒருவர் மணியைப் பாருங்கள், ஐந்து நிமிடம் தாண்டினால் ஆம்புலன்ஸ். இன்னொருவர் போனில் வீடியோ எடுங்கள், முகமும் இரண்டு கைகளும் தெரிகிற மாதிரி. “இந்த நேரத்தில் வீடியோவா?” என்று வீட்டில் யாராவது கத்துவார்கள், கத்தட்டும். ‘கை கால் இழுத்தது’ என்று பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்வதைவிட, கண் எந்தப் பக்கம் திரும்பியது, எந்தக் கை முதலில் துடித்தது என்று காட்டும் அந்த முப்பது விநாடிதான் எனக்கு உதவும்.