போதைப்பொருள் இறக்குமதி வழக்கு: நீதிபதி கையில் இருப்பது எவ்வளவு?

"ஏனுங்க வக்கீலுங்க, அபராதத்தக் கட்டிப்போட்டுப் பையனக் கூட்டிட்டு வந்தர்லாமுங்களா?"

கோவை விமான நிலையத்தில் போதைப்பொருளோடு பிடிபட்டவர்களின் வீட்டார் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். தங்கக் கடத்தல் செய்திகளைப் படித்துப் படித்து, எல்லாமே பணம் கட்டித் தீர்க்கிற விவகாரம் என்று நினைத்துவிடுகிறார்கள். கஞ்சாவும் ஹெராயினும் 1985-ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டத்தில், அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வருபவை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தால் 23-ஆம் பிரிவு பாயும்.

அந்தப் பிரிவில் தண்டனையை எடைதான் பிரிக்கிறது. சிறு அளவென்றால் ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது ரூ.10,000 வரை அபராதம், அல்லது இரண்டும். வணிக அளவென்றால் குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 20. அபராதமே ஒரு லட்சத்தில்தான் தொடங்கும். இரண்டுக்கும் இடைப்பட்டதற்கு 10 ஆண்டு வரை. கஞ்சா 20 கிலோவைத் தாண்டினால்தான் வணிக அளவு. ஹெராயினுக்கு 250 கிராம், மெத்தம்பெட்டமினுக்கு 50 கிராம். எம்.டி.எம்.ஏ.வுக்கு வெறும் 10 கிராம். சட்டைப் பையில் அடங்கிவிடும்.

"முக்காவாசி மாவுதானுங்க, சரக்கு கொஞ்சந்தான்" என்ற வாதமும் இப்போது எடுபடாது. கலப்படத்தோடு சேர்த்து மொத்த எடையைத்தான் பார்க்க வேண்டும் என்று ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லிவிட்டது. 300 கிராம் பொடியில் ஹெராயின் 30 கிராம்தான் என்றாலும் கணக்குக்கு 300 கிராம்.

குற்றவாளி என்று தீர்ப்பானதும், தண்டனை பற்றி என்ன சொல்கிறாய் என்று நீதிபதி கேட்பார். வயதான அம்மா, கல்யாண வயதில் தங்கை, முதல் தடவை என்று கூண்டில் நின்று அழுவார்கள். வணிக அளவில் அந்த அழுகையால் 20 ஆண்டு 10 ஆகலாம். 10 ஒருபோதும் 9 ஆகாது. சிறைக்கு அனுப்பாமல் நல்லொழுக்கப் பிணையில் விடும் சலுகையும் பதினெட்டு வயது நிறைந்தவருக்கு இந்தக் குற்றத்தில் இல்லை. நீதிபதி மனமிரங்க உண்மையில் இடமிருப்பது இடைப்பட்ட அளவில்தான். வயது, படிப்பு, குடும்பநிலை, பழைய வழக்கு இல்லாமை எல்லாம் அங்கே எடை பெறும். இவற்றுக்கான ஆவணங்களைக் கடைசி நாளில் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

'டிக்கெட் நாங்க போட்டுத் தர்றோம், வர்றப்ப ஒரு பேக் மட்டும் எடுத்துட்டு வா' என்று சொல்லி இளசுகளை அனுப்புகிறார்கள். உள்ளே இருப்பது தெரியாது என்றால், அதை நிரூபிக்கும் சுமை 35-ஆம் பிரிவின்படி பை வைத்திருந்தவர் தலையில்தான். சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். சாதாரண வழக்கில் அந்தச் சுமை போலீசுடையது. திட்டத்தில் பங்கிருந்தால், திருப்பூரில் உட்கார்ந்து சரக்கை வாங்கக் காத்திருப்பவருக்கும் 29-ஆம் பிரிவில் அதே தண்டனைதான். ஆனால் அவர் அகப்படுவது அபூர்வம்; எனக்கு இதில்தான் ஆத்திரம்.

மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போது தண்டனையை நிறுத்திவைக்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, வணிக அளவில் சுலபமாகக் கிடைக்காது. தீர்ப்புக்குப் பிறகு சிறையில் கிடைக்கும் தண்டனைக் குறைப்புச் சலுகையை 32ஏ பிரிவு தடுக்கிறது. ரிமாண்டில் இருந்த நாட்கள் மட்டும் கழியும். இந்தக் கழிவு 'செட் ஆஃப்' என்று தீர்ப்பில் எழுதியிருக்கிறதா, தேதிகள் சரிதானா என்று நகல் வந்ததும் பாருங்கள்.