‘டக் டக்’ எப்போது ‘ம்ம்ம்’ ஆகிறது?

ஒரு வாசகர் எழுதியிருந்தார்: “பையன் ராத்திரி முழுக்க ஹெட்ஃபோனில் எதையோ கேட்கிறான். வாங்கிக் காதில் வைத்துப் பார்த்தேன் சார். தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் மாதிரி ‘ம்ம்ம்’ என்கிறது, நடுநடுவே ‘டக், டக்’. பின்லாந்துக்காரர்கள் இரண்டு பேராம், பான் சோனிக் என்று பெயராம். இதையெல்லாம் எப்படி இசை என்கிறார்கள்?”

டிரான்ஸ்ஃபார்மர் என்று அவர் சொன்னது வசவு இல்லை, துல்லியமான விமர்சனம். இந்த இருவரில் ஒருவரான மிகா வைனியோவின் ஆரம்பகால இசைத்தட்டுகளை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் ‘சாஹ்கோ’. ஃபின்னிஷ் மொழியில் மின்சாரம் என்று அர்த்தம். பின்லாந்து மின்சாரமும் நம்முடையது போலவே 50 ஹெர்ட்ஸ்தான், அதாவது நொடிக்கு 50 சுழற்சி. காந்தமேறும்போது டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு உள்ளகம் மயிரிழையிலும் குறைவாக நீண்டு சுருங்கும். மின்னோட்டம் எந்தத் திசையில் போனாலும் நீளும் என்பதால் ஒரு சுழற்சிக்கு இரண்டு முறை. ஆக, பின்லாந்தின் துர்க்கு நகரத்திலும் தூத்துக்குடியிலும் டிரான்ஸ்ஃபார்மர் முனகுவது அதே 100 ஹெர்ட்ஸில்.

அந்தத் துர்க்குவில்தான் 1993 வாக்கில் வைனியோவும் இல்போ வைசனெனும் சேர்ந்தார்கள். முதலில் சாமி சாலோ என்று மூன்றாமவரும் இருந்தார், பிறகு விலகினார். அப்போது குழுவின் பெயர் ‘பானசோனிக்’. அதே பெயருள்ள ஜப்பானிய நிறுவனம் சும்மா இருக்குமா? நடுவிலிருந்த ஆங்கில ‘ஏ’ எழுத்தை எடுத்துவிட்டார்கள். 1999இல் வந்த ஆல்பத்துக்கு வைத்த பெயர் ‘ஏ’. இந்தக் குறும்பு ஒன்றுக்காகவே எனக்கு இவர்களைப் பிடிக்கும்.

டெக்னோ என்ற மின்னணு நடன இசையின் மாறாத அடி, தொழிற்சாலை இரைச்சல், இரண்டையும் சேர்த்துப் பிசைந்தது இவர்கள் பாணி. ஆல்பப் பெயர்களை மொழிபெயர்த்தால் இயற்பியல் பாடநூலின் பொருளடக்கம் கிடைக்கும்: 1995இல் ‘மாறிலி’, 1997இல் ‘கோணம்’, 2004இல் நான்கு சிடிகளாக ‘கால அளவு’. அந்த நான்காவது சிடி முழுக்க ஒரே இசை, ஒரு மணி நேரத்துக்கு. அதன் பெயர் ‘கதிர்வீச்சு’. ஜாரி லெஹ்தினென் என்பவர் கையால் செய்துகொடுத்த ஆசிலேட்டர்கள்தான், அதாவது வேண்டிய வேகத்தில் மின் அதிர்வை எழுப்பும் கருவிகள்தான், இவர்களுடைய வாத்தியங்கள். மேடையில் பின்திரையில் ஒரு வெள்ளைக் கோடு, ஒலிக்குத் தக்கபடி நெளியும், அவ்வளவுதான் காட்சி. 2009இல் பிரிந்தார்கள். 2017இல் வைனியோ இறந்தார்.

இனி எனக்குப் பிடித்த இடம். ‘டக் டக்’ என்பது தாளம், ‘ம்ம்ம்’ என்பது சுரம், இரண்டும் வேறு வேறு என்று நினைக்கிறோம். ஆசிலேட்டருக்கு அந்த வேறுபாடே கிடையாது.

ஒரு புல்லட் வண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். நிற்கும்போது எஞ்சின் நிமிடத்துக்கு 900 சுற்று என்று வைத்துக்கொள்வோம். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு, அதாவது நொடிக்கு ஏழரை. ‘டுப் டுப்’ என்று தனித்தனியாகக் கேட்கிறது. முறுக்கி 4800 சுற்றுக்குக் கொண்டுபோனால் நொடிக்கு 40. இப்போது எவராலும் எண்ண முடியாது; தாழ்ந்த சுரமொன்று உறுமுகிறது. வெடிப்பு அதேதான். நொடிக்கு ஏறத்தாழ 20 என்ற இடத்தைத் தாண்டியதும் காது எண்ணுவதை விட்டுவிட்டுச் சுரமாக வாங்கிக்கொள்கிறது. அந்த எல்லைக்குப் பக்கத்தில், தாளமும் இல்லாமல் சுரமும் ஆகாமல் ஒரு கரகரப்பு இருக்கிறதே, பான் சோனிக் குடியிருப்பது அங்கேதான்.

இன்னும் வேடிக்கை உண்டு. இடது கையால் நொடிக்கு 2 தட்டு, வலது கையால் 3 தட்டு. மிருதங்கம் கற்கும் பிள்ளைகளைப் படுத்தும் கணக்கு இது. இரண்டையும் நூறு மடங்கு வேகமாக ஓடவிட்டால் 200, 300 ஹெர்ட்ஸ். காதில் விழுவது என்ன தெரியுமா? ச, ப! மூன்றுக்கு இரண்டு என்ற விகிதம் மெதுவாக ஓடினால் கணக்கு, வேகமாக ஓடினால் சுருதி. இதை முதன்முதலில் கணினியில் செய்து கேட்ட அன்று நான் சாப்பிட எழுந்துபோகவில்லை.

திரும்பி வரவும் வழி இருக்கிறது. 100 ஹெர்ட்ஸில் ஒரு முனகல், பக்கத்தில் 102இல் இன்னொன்று. இரண்டுமே அசையாத ஒலிகள். சேர்த்துக் கேட்டால் நொடிக்கு இரண்டு முறை ஏறி இறங்கும். பதினொன்றாம் வகுப்பில் படித்த விம்மல்தான். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் காதைக் கூர்மையாக்கிக் கேட்டு அகற்றுவதும் இதைத்தான். நொடிக்கு 2 என்றால் நிமிடத்துக்கு 120; டெக்னோவுக்குப் பொருத்தமான வேகம். மேளம் இல்லை, தட்டுபவர் இல்லை, இரண்டு முனகல்கள் சேர்ந்தே தாளம் வந்துவிட்டது.

ஹெர்ட்ஸ் என்றதும் வாட்ஸ்அப் வைத்தியர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 432 ஹெர்ட்ஸ் கேட்டால் மனம் அடங்கும், 528 கேட்டால் மரபணு சீராகும் என்று தினமும் ஒன்று வருகிறது. ஹெர்ட்ஸ் என்பது ‘நொடிக்கு எத்தனை’ என்ற எண்ணிக்கை. ஒரு நாளை 86,400 நொடிகளாகப் பிரித்தது மனிதன். வேறு மாதிரி பிரித்திருந்தால் அதே ஒலிக்கு வேறு எண் வந்திருக்கும். உங்கள் மரபணு எந்தக் கடிகாரத்தைப் பார்க்கிறதாம்?

இந்தத் தாள-சுர விளையாட்டைப் பான் சோனிக் கண்டுபிடிக்கவில்லை. ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் 1960இலேயே ஒரு சுரத்தை மெல்ல மெல்ல இறக்கித் தனித்தனித் தட்டுகளாக உதிர்த்துக் காட்டினார். செலவு செய்தது கொலோன் நகரின் பொது வானொலி. நம்மிடமும் வாய்ப்பு இருந்தது. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைக்கலைஞர் டேவிட் டியூடர் மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் மூக் சிந்தசைசர் ஒன்றை நிறுவினார். அங்கே நடந்த வேலை 1972ஓடு நின்றது. அந்த ஒலிநாடாக்களைப் பல பத்தாண்டுகள் கழித்துத் தேடி எடுத்தவர் பால் பர்கஸ். எம்ப்டிசெட் என்ற பிரிட்டிஷ் மின்னிசை இரட்டையரில் ஒருவர். ‘இதனால் என்ன பயன்?’ என்ற கேள்வியை மூன்றாம் வருடமே கேட்கிற நாட்டில் நாடாக்கள் அலமாரியில்தான் கிடக்கும்.

வாசகருக்கு ஒரு வேலை தருகிறேன். இரண்டு போனிலும் டோன் ஜெனரேட்டர் செயலியை இறக்குங்கள்; கொடுத்த ஹெர்ட்ஸில் ஒலி எழுப்பும் செயலி அது. ஒன்றில் 440, மற்றதில் 442 வையுங்கள். அறை விம்மத் தொடங்கும். பிறகு 442ஐ ஒவ்வொன்றாக ஏற்றி 460 வரை கொண்டுபோங்கள். எந்த எண்ணில் விம்மல் கரகரப்பாக மாறியது என்று எழுதுங்கள். இரண்டாவது போன் பையனுடையதாக இருக்கட்டும். அவனுக்கு எந்த எண்ணில் மாறியது என்பதையும் சேர்த்து.