வளங்குன்றா வளர்ச்சி: சொல்லும் பொருளும்

பல்கலைக்கழகக் கருத்தரங்கு அழைப்பிதழ்களில் இப்போது தவறாமல் தென்படும் எழுத்துகள் எஸ்.டி.ஜி. விரித்தால் சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட் கோல்ஸ். 2015 செப்டம்பரில் ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகளும் ஏற்றுக்கொண்ட 17 இலக்குகள் இவை. 2030க்குள் எட்ட வேண்டும் என்பது கெடு. வறுமை, பசி, கல்வி, குடிநீர், எரிசக்தி, காலநிலை என்று போகும் வரிசையில் பதினேழாவது, மற்ற பதினாறையும் அடையக் கூடிச் செயல்படுவது. பல்கலைக்கழகங்கள் இணைந்து உழைக்க வேண்டும் என்ற பேச்சுக்கு அடிப்படை அந்த இலக்குதான்.

தொடரின் முதற்பகுதியான சஸ்டெய்னபிள் டெவலப்மென்ட் என்பதற்குத் தமிழில் பல பெயர்கள் உலவுகின்றன. தமிழ்நாட்டில் நிலையான வளர்ச்சி, நிலைத்த வளர்ச்சி, நீடித்த வளர்ச்சி, வளங்குன்றா வளர்ச்சி. இலங்கையில் நிலைபேறான அபிவிருத்தி, பேண்தகு அபிவிருத்தி. எல்லாம் ஒன்றுதானே என்று விட்டுவிட முடியவில்லை. இவற்றில் சில, மூலக் கருத்துக்கு நேர் எதிரான பொருளையும் தந்துவிடுகின்றன.

பிறப்பு

சஸ்டெய்ன் என்ற வினை, லத்தீன் ‘சுஸ்தினேரே’யிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கீழிருந்து தாங்கிப் பிடிப்பது என்று பொருள். ஆனால் இன்று அந்தச் சொல் சுமக்கும் கருத்து பிறந்த இடம் வேறு: ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியிலுள்ள ஃப்ரைபெர்க் என்ற வெள்ளிச் சுரங்க நகரம்.

சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்கவும் தாதுவை உருக்கவும் மரம் வேண்டும். சுற்றியிருந்த காடுகள் வேகமாகக் கரைந்தன. அங்கே சுரங்க நிர்வாகத்தின் தலைவராக இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், 1713இல் காடு வளர்ப்பு பற்றி ஒரு நூலை வெளியிட்டார். வெட்டுவது வளர்வதை மிஞ்சக் கூடாது என்பது அதன் சாரம். விதைநெல்லைச் சோறாக்காத குடியானவரின் கணக்கு அது. இந்த முறையைக் குறிக்க அவர் ஆண்ட சொல் ‘நாஹ்ஹால்டெண்ட்’. பின்னாளுக்கும் இருக்கும்படி பிடித்து வைப்பது. இதன் வழிவந்த ‘நாஹ்ஹால்டிக்’தான் இன்றும் ஜெர்மன் மொழியில் சஸ்டெய்னபிளுக்கு நிகரான சொல்.

இந்தக் கருத்து இந்தியாவுக்கு வந்ததும் ஜெர்மானியர் வழியாகத்தான். 1864இல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற டீட்ரிக் பிராண்டிஸ் ஒரு ஜெர்மானியத் தாவரவியலாளர். 1878இல் டேராடூனில் வனப் பள்ளி தொடங்கியது. அதே ஆண்டு வந்த வனச் சட்டம், காடுகளை அரசுடைமையாக்கி, அவற்றை நம்பி வாழ்ந்த மக்களின் உரிமைகளைச் சுருக்கியது. மரம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் நியாயமான கணக்கு, மனிதரை வெளியே நிறுத்தும் சட்டத்தோடு சேர்ந்தே இங்கே வந்து இறங்கியது. இச்சொல்லின் வரலாற்றில் இந்தப் பக்கத்தை விட்டுவிட்டுப் பேசுவது சரியாகாது என்று நினைக்கிறேன். பேணுவது சரி, யாருக்காகப் பேணுகிறோம்?

அதற்கு விடை சொல்ல முயன்றது, நார்வேயின் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம். 1987இல் அது தந்த வரையறை இன்றும் எல்லாரும் எடுத்தாள்வது: வருங்காலத் தலைமுறையினர் தங்கள் தேவைகளை நிறைவு செய்துகொள்ளும் திறனுக்குக் குந்தகம் நேராமல், இன்றைய தேவைகளை நிறைவு செய்யும் வளர்ச்சி. அடுத்த வரியையும் படிக்க வேண்டும். தேவை என்று அந்த ஆணையம் சொன்னது, உலகின் ஏழைகளுடைய அடிப்படைத் தேவைகளை. எல்லாவற்றுக்கும் மேலாக அவற்றுக்கே முன்னுரிமை என்கிறது அந்த அறிக்கை.

எந்தத் தமிழ்ச் சொல்?

‘நிலையான வளர்ச்சி’ என்றால் ஏற்ற இறக்கமில்லாத, ஒரே சீரான வளர்ச்சி என்று படிக்க இடமிருக்கிறது. ஆண்டுதோறும் ஏழு சதவீதம் வளரும் பொருளாதாரம், ஆற்று மணலையெல்லாம் அள்ளி வளர்ந்தாலும், நிலையான வளர்ச்சி என்றே சொல்லப்படும். ‘நீடித்த வளர்ச்சி’க்கும் இதே இடர், அது கால அளவைச் சொல்கிறது, நிபந்தனையைச் சொல்லவில்லை. ‘பேண்தகு’ நல்ல ஆக்கம். பேணத்தக்கது என்று பொருள்படும். ஆனால் அங்கே பேணப்படுவது வளர்ச்சியா, வளமா என்பது தெளிவாகவில்லை.

‘வளங்குன்றா வளர்ச்சி’ நிபந்தனையைத் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. வளர்ச்சி இருக்கலாம், வளம் குன்றக் கூடாது. குன்றாத என்பதன் ஈறு கெட்டுக் குன்றா. வளம் என்பதன் மகரம் ககரத்தின் முன் ஙகரமாகி வளங்குன்றா. அரசியல் தலைவருக்கும் மாணவருக்கும் ஒரே வாசிப்பில் பொருள் புரியும்.

இந்தத் தொடர் இக்காலத்து ஆக்கமும் அல்ல. நாடு அதிகாரத்தில் வள்ளுவர் இதை அப்படியே ஆண்டிருக்கிறார்:

கேடறியாக் கெட்ட இடத்தும் வளங்குன்றா
நாடென்ப நாட்டின் தலை.

கேடு அறியாதது, ஒருகால் கெட்டாலும் வளம் குறையாதது, அதுவே நாடுகளில் தலையாயது. இயற்கைச் சீற்றமோ போரோ வந்து போன பிறகும் மீண்டெழும் வலு நிலத்திலும் மக்களிடமும் மிஞ்சியிருக்க வேண்டும் என்ற எண்ணம் இதற்குள் இருக்கிறது.

பல்கலைக்கழகங்கள் எங்கே வருகின்றன?

1990இல் பிரான்சின் தல்வார் என்ற சிற்றூரில் கூடிய பல்கலைக்கழகத் தலைவர்கள் பத்து அம்சப் பிரகடனம் ஒன்றை வெளியிட்டார்கள். சுற்றுச்சூழல் பொறுப்பை உயர்கல்வியின் வேலையாக ஏற்ற முதல் பெரிய கூட்டறிக்கை அது. 2012இல் ஐ.நா. ஆதரவில் பல்கலைக்கழகங்களையும் ஆய்வு நிறுவனங்களையும் இணைக்கும் உலகளாவிய வலையமைப்பு உருவானது. கார்லோவிட்ஸின் ஃப்ரைபெர்க்கில் 1765இல் நிறுவப்பட்ட சுரங்கக் கல்விக்கழகம், இன்று பல்கலைக்கழகமாகி, ஆஸ்திரியா, கிரீஸ், ஸ்பெயின், போலந்து, ருமேனியா முதலிய நாடுகளின் பல்கலைக்கழகங்களோடு யுரேகா-ப்ரோ என்ற கூட்டணியில் சேர்ந்திருக்கிறது. அவர்கள் எடுத்துக்கொண்டது பன்னிரண்டாம் இலக்கு: பொறுப்பான நுகர்வும் உற்பத்தியும்.

நான் அதிகம் மதிப்பது ஆப்பிரிக்காவின் ரூஃபோரம் கூட்டமைப்பை. 2004இல் பத்துப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து தொடங்கியது. உகாண்டாவின் கம்பாலாவில் தலைமையகம். வேளாண்மையில் முனைவர் பட்டம் பெற வெளிநாடு போனவர்களில் பலர் திரும்பவில்லை. தனித்தனியாக எல்லாத் துறையிலும் முனைவர் படிப்பு நடத்தவோ ஆளும் பணமும் போதாது. எனவே துறைகளைப் பங்கிட்டுக்கொண்டார்கள். பயிர்ப் பெருக்கம் உகாண்டாவின் மகரேரே பல்கலைக்கழகத்தில், வறண்ட நில மேலாண்மை நைரோபியில், மீன்வளம் மலாவியில் என்று படிப்புகள் அமைய, அண்டை நாட்டு மாணவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். ஆய்வுக்கு எடுத்த வயலும் ஆராய்ந்த ஆளும் அந்த மண்ணிலேயே இருந்தார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்கள் அதில் உறுப்பினர்கள். படித்த மனிதரையும் வளமாகக் கணக்கில் எடுத்த ஒத்துழைப்பு இது.

‘எம்.ஓ.யு. போட்டாச்சு’ என்று நம் கல்லூரி வட்டாரங்களில் சொல்வதுண்டு. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்ற அழகான தமிழ்ப் பெயரும் அதற்கு உண்டு. கையெழுத்தோடு நின்றுவிடாமல், ஒரு ஆய்வுக்கூடத்தை இரு கல்லூரிகள் பகிர்வதும், ஒரு ஆற்றுப்படுகையின் தரவை மேற்பகுதிக் கல்லூரியும் கீழ்ப்பகுதிக் கல்லூரியும் சேர்ந்து திரட்டுவதும், ஒரு கல்லூரியின் பாடத்துக்கு இன்னொன்றில் மதிப்பெண் கிடைப்பதும்தான் பதினேழாம் இலக்கு கேட்கும் வேலை. 2019 முதல் இந்த இலக்குகளை வைத்தே பல்கலைக்கழகங்களுக்கு உலகத் தரவரிசையும் போடுகிறார்கள். அதில் இடம்பெறப் பதினேழாம் இலக்குக்கான விவரங்களைத் தந்தாக வேண்டும் என்பது நல்ல விதி. ஆனாலும் தனித்தனி மதிப்பெண்ணுக்கு ஓடும் ஓட்டத்தில் தரவைப் பகிர மனம் வராமல் போகிறது என்பதே என் கவலை.

எழுதும் முறை

வளங்குன்றா என்பதைச் சேர்த்தே எழுதலாம். பெயரெச்சமாதலால் வளர்ச்சி, வேளாண்மை, நகரம் எதனோடும் ஒட்டும். வளங்குன்றா வளர்ச்சி இலக்குகள், வளங்குன்றா மீன்பிடிப்பு, வளங்குன்றாக் கட்டுமானம் என்று அமையும். க, ச, த, ப முன் வரும்போது வல்லினம் மிகும். சஸ்டெய்னபிலிட்டி என்ற பெயர்ச்சொல்லுக்கு வளங்குன்றாமை.