முகாமில் யாருக்கு எத்தனை மாதம்?

2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல் அடித்த அன்று எங்கள் குமரி மாவட்டத்தில் ரோட்டுக்குக் குறுக்கே ரப்பர் மரங்கள், கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை. 108-ஐக் கூப்பிடவே வழி இல்லை. கிராம சுகாதார செவிலியரான எனக்கு அன்று கைகொடுத்தது ஒரு பழைய நோட்டு. யார் மாசமாக இருக்கிறார், பிரசவத் தேதி எப்போது என்று பேனாவால் எழுதி வைத்தது. கம்ப்யூட்டரில் இருந்ததைத் திறக்க முடியவில்லையே!

பள்ளிக்கூட முகாமுக்கு அரிசி வந்தது, பாய் வந்தது. நாப்கினும் வந்தது. ஆனால் அதைக் கொடுத்தவர்கள் எல்லாம் வாலிபப் பையன்கள். ஒரு பிள்ளை காலையிலிருந்து மூலையை விட்டு எழும்பவே இல்லை. அவளுடைய மாமிதான் என் காதருகே வந்து, "சிஸ்டர், துணி ஏதும் உண்டா?" என்றார். அன்றிலிருந்து நாப்கின் மூட்டையைப் பெண்கள் கையில்தான் கொடுக்கிறேன். கழிப்பறைக்குத் தாழ்ப்பாளும் விளக்கும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுவேன்.

பேரிடர்களில் பெண்களுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்ச சேவைகள் என்று உலக அளவில் ஒரு தொகுப்பே உண்டு. முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்பது அதன் கணக்கு. சோப்பு, பிளாஸ்டிக் விரிப்பு, கையுறை, புது பிளேடு, தொப்புள்கொடி கட்ட நூல் அடங்கிய பிரசவப் பை அதில் ஒன்று. அது இருக்கிறதே என்று வீட்டில் பிரசவம் பார்த்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகவே முடியாதபோதுதான் அது. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கைத் தடுக்கும் ஆக்ஸிடோசின் ஊசி 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் முதல் கவலை அதுதான். அதே உதிரப்போக்கைத் தடுக்க உதவும் மிசோப்ரோஸ்டால் மாத்திரைக்கு ஃபிரிட்ஜ் வேண்டாம், ஆனால் பயிற்சி பெற்றவர்தான் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றை வெளியே பேச யாருக்கும் வாய் வராது. முகாமில் ஒரு பெண் வன்கொடுமைக்கு ஆளானால், எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசர கருத்தடை மாத்திரைக்கு 5 நாள் வரை நேரமுண்டு, முந்தினால் நல்லது. போலீசில் புகார் கொடுத்த பிறகுதான் சிகிச்சை என்றில்லை. முதலில் ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்.

ஐப்பசி பிறக்கும்போது நோட்டைப் புதுப்பிக்கிறேன். புயல் எச்சரிக்கை வந்ததும், பிரசவத் தேதி நெருங்கியவர்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் தங்கச் சொல்வேன். "மழை விடட்டும் சிஸ்டர், போகலாம்" என்பார்கள். நானும் விடமாட்டேன். கர்ப்பகாலப் பரிசோதனை விவரம் எழுதிய தாய் அட்டையை பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். உதிரப்போக்கு, வலிப்பு, கண் மங்கலோடு கடுமையான தலைவலி, பிள்ளை அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் மழை விடும்வரை காத்திருக்கக் கூடாது.